பச்சையம்மா மாடியில் சுண்ணாம்புக் கோடு

பச்சையம்மா யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மணலிச் சாலையில்தான் அவருடைய பிழைப்பு. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கிப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் முன்வண்டி நகர்ந்துவிட்டால் இடம் போய்விடும் என்று டிரைவர்கள் இறங்கவே மாட்டார்கள். அதனால் பச்சையம்மா அவர்களிடம் போவார். மொபெட்டின் முன்பக்கம் இட்லிக் குண்டான், பின்பக்கம் சாம்பார் வாளி. லாரி ஜன்னலுக்குக் கீழே நின்று "வேணுமா?" என்று கேட்பதில்லை. தட்டை மேலே நீட்டிவிடுவார்.

"கேட்டா வோணான்னு சொல்லிடுவான். கைல குட்த்துட்டா இன்னா பண்ணுவான்? துன்னுதான ஆவணும்."

வியாபாரத்தில் மட்டுமல்ல, தெருவிலும் அவர் அப்படித்தான். யார் வீட்டிலாவது அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் மிஞ்சிய இட்லியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவார். ஏன் எரியவில்லை என்று கேட்கமாட்டார். தனக்கு ஒன்று வேண்டுமென்றாலும் வாய் திறக்கமாட்டார். அவருடைய கணவர் தண்டபாணியும் டிரெய்லர் ஓட்டுபவர்தான். மாதத்தில் பாதி நாள் பெங்களூர் ரோட்டிலும் மீதி நாள் துறைமுக வரிசையிலும் இருப்பார். எப்போதாவது வீட்டுக்கு வந்து, "உன் வூடு, உன் இஷ்டம். நான் விருந்தாளி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

சடையங்குப்பத்தில் எங்கள் தெருவில் முதலில் தளம் போட்ட வீடு பச்சையம்மாவுடையதுதான். மற்றவர்களுக்கெல்லாம் அப்போது ஷீட்டுக் கூரை. பெரும்பாலான வீடுகளுக்கு இப்போதும் அதுதான். ஒரு வீட்டில் தளம் போட்டால் தெரு முழுக்க வந்து வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவது இங்கே வழக்கம். கூலி கிடையாது. மத்தியானம் சாப்பாடு உண்டு. பச்சையம்மா வீட்டுத் தளத்துக்கும் அப்படித்தான் எல்லோரும் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதுப்பெண்ணாக வந்திருந்த கார்குழலி, கையில் மருதாணி அழியாமலே சட்டி வாங்கிக் கொடுத்தாராம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தளம், அந்தப் பக்கம் ஷீட்டு.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுப்போட்டு, தெரு உயர்ந்துகொண்டே வந்தது, வீடுகள் தாழ்ந்துகொண்டே போயின. குழலி வீட்டுக்குள் போக இப்போது கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்க வேண்டும்.

பச்சையம்மாவின் மகன் நிலவன் மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். அவனுக்கும் திருவொற்றியூர் ஜெயஸ்ரீக்கும் கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே புயல் வந்தது. ஆற்றுத் தண்ணீர் ஏறி வந்ததுகூடப் பழக்கமானதுதான். அந்த வருடம் தண்ணீரோடு மணலி ஆலைகளின் எண்ணெயும் வந்தது. இடுப்புயரத்துக்குச் சுவரில் கறுப்புக் கோடு விழுந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஒரு வாரத்தில் அந்தக் கோடு பெயிண்டைத் தாண்டி வெளியே வந்துவிடும். ஜெயஸ்ரீயின் கல்யாணப் புடவைகள் அந்தத் தண்ணீரில்தான் போயின.

தண்ணீர் வந்தால் எங்கள் தெரு பச்சையம்மா வீட்டு மாடியில்தான் ஏறும். படி தெருப்பக்கம் திறந்தே இருக்கும், கேட் கிடையாது. அந்தத் தடவையும் தெருவே மேலே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. குழலியின் கணவர் வல்லரசுவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏற்றினார்கள். குடோனில் லோடு இறக்கும்போது மூட்டை சரிந்து விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே கால்கள் வராமல் போய்விட்டன. ஜெயஸ்ரீ அங்கே தண்ணீர் வடியும்வரை உட்கார்ந்திருந்தாள். புதுப்பெண் என்று யாரோ ஒரு சாக்கை விரித்துக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மறக்க முடியாதது மழை அல்ல. ஒதுங்குவதற்கு இருட்டும்வரை காத்திருந்து, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நான்கு பெண்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததுதான்.

போன வருடக் கடைசியில் அவள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அழைத்துவரப் போனபோது வரவில்லை.

"அத்த, உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா இந்தக் குழந்தைய அந்த ஈரத் தரையில போட மாட்டேன். மேல ரூம் கட்டுங்க. கட்டுன அன்னிக்கே வர்றேன்" என்றாள்.

பச்சையம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அவர் மனதில் அப்போதே மாடியில் சுவர் எழும்பிவிட்டது.

எங்கள் பக்கத்தில் மேலே ஒரு அறை எழுப்ப யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் நிலவன் வங்கியில் வீட்டுக் கடன் போடப் போனபோது, அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் பேச்சே இல்லை என்றுவிட்டார்கள். அப்படித்தான் மணலி மார்க்கெட் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் பொன்ராஜ் வந்தார். வீட்டு வரைபடம் போட்டு மாநகராட்சியில் அனுமதி வாங்கிக் கொடுப்பது அவர் வேலை. மாடிக்கு ஏறி, டேப் பிடித்து, சுற்றும் பார்த்தார்.

"இந்த இடத்த இப்ப எதுக்கு யூஸ் பண்றீங்கம்மா?"

"ஒன்னியும் இல்ல சார். சொம்மாதான் கெடக்குது. மொளகா காய வெப்பேன்."

"அப்ப நல்லதாப் போச்சு. முழுசையும் எடுத்துக்கலாம்."

இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. இடம் பற்றாததால் தெருப்பக்கப் படியை இடித்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து ஏறுகிறமாதிரி புதுப்படி. பச்சையம்மாவுக்குத் தாளில் பார்த்தால் விளங்காது என்று, பொன்ராஜ் மாடித் தரையிலேயே சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டினார். இது ரூம், இது ரூம், இது அடுப்படி. பச்சையம்மா அடுப்படிக் கட்டத்துக்குள் போய் நின்று, கையை நீட்டி இல்லாத அலமாரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கீழே தெருவில் போனவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கிளம்பும்போது பொன்ராஜ் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணும்மா. இந்தப் பக்கச் சுவர் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது. அது மேல சுவர் எழுப்பணும்னா அவங்க சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணும்."

"யாரு, கொயலியா? அவ போட்ருவா."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னவர் இரண்டு நாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றினார். இட்லியைப்போல நீட்டிவிட முடியாதே. கடைசியில் ஒரு கிண்ணம் வஞ்சிரக் குழம்போடு போய், கிண்ணத்துக்கு அடியில் தாளை வைத்துக் கொடுத்தார்.

குழலி குழம்பை வாங்கிக்கொண்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மேல வேல நடந்தா மண்ணு பூரா என் தண்ணி டிரம்முல வுயும்க்கா."

நியாயம்தான் என்று பச்சையம்மாவுக்குப் பட்டது. மறுநாளே இறுக்கமாக மூடுகிற ஒரு மூடி வாங்கி வந்து, அவரே டிரம்மில் பொருத்திவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்துத் தாளோடு போனார்.

"செவுரு எழும்புச்சின்னா எங்களுக்கு வெயிலே வராது. துணி எங்க காயும்?"

"அதுக்கு இன்னாடி, என் மாடில வந்து காயப் போடு."

"எந்த மாடில?" என்றார் குழலி.

பச்சையம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழலி ஏதோ எரிச்சலில் இருக்கிறார் என்று நினைத்து வந்துவிட்டார்.

அடுத்த முறை, சுவர் பழசு, தாங்காது, தன் பக்கம் இடிந்து விழும் என்றார். பொன்ராஜ் வந்து தட்டிப் பார்த்து, பாரம் தூண்களில்தான் இறங்கும், சுவரில் அல்ல என்று விளக்கினார். அதற்கடுத்த முறை, மழைத் தண்ணீர் தன் ஷீட்டின் மேல் கொட்டும் என்றார். குழாயைத் தெருப்பக்கம் திருப்பி வரைந்தார்கள். அதற்கும் அடுத்த முறை, "வூட்டுக்காரரக் கேட்டுதான் சொல்லணும்" என்றார்.

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வல்லரசு திரும்பினார். "என்னியவா? நான் எங்க போய்ட்டு வரணும்? இங்கியேதான குந்திகினு கீறேன்?"

"நீ சொம்மா இரு" என்றார் குழலி.

"அதான் சொம்மாதான கீறேன்."

பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலவன் திருவொற்றியூருக்குப் போய்விட்டுச் செல்போனில் குழந்தையின் படத்தோடு திரும்பி வருவான். ஒவ்வொரு வாரமும் குழந்தை படத்தில் கொஞ்சம் பெரியதாகிக்கொண்டே இருந்தது. குப்புற விழுந்தது. பிறகு தவழ்ந்தது. பச்சையம்மா அந்தப் படங்களை லாரி டிரைவர்களிடம்கூடக் காட்டினார். அவர்களில் ஒருவர், "கையெழுத்துதானக்கா, நீயே ஒரு கிறுக்கு கிறுக்கிடு. யார் வந்து பாக்கப் போறா?" என்றார்.

"அவ பாப்பாளே" என்றார் பச்சையம்மா. "தெனம் அவ மூஞ்சிலதான முயிக்கணும்."

ஒருநாள் தண்ணீர் லாரி வந்தபோது சண்டை வெடித்தது. வரிசையில் குடம் வைப்பதில் ஏதோ முன்பின் ஆயிற்று. பச்சையம்மாவின் குரல் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அவர் சத்தமாகப் பேசி நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை.

"நான் எதுக்கு வாய மூடிகினு கீறேன்னு நெனச்சிகினு கீறியா? ஊர்ல ஒருத்தி மேல ஒரு ரூமு கட்டுனா உனுக்கு இன்னாடி வயித்தெரிச்சலு?"

குழலி குடத்தை இடுப்பில் ஏற்றினார். முகம் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் அவரையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில், சொல்லாதே என்பதும் சொல் என்பதும் சேர்ந்தே இருந்தன.

"ஆமாக்கா, வயித்தெரிச்சல்தான். அப்படியே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. பச்சையம்மா மிஞ்சிய இட்லியைத் தெரு நாய்க்குப் போட்டார். சுவரை விட்டு ஓரடி தள்ளி, தன் இடத்துக்குள்ளேயே தனிச் சுவர் எழுப்ப முடியுமா என்று பொன்ராஜிடம் விசாரித்தார். முடியும், ஆனால் கீழே அஸ்திவாரத்திலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும், வீட்டையே காலிசெய்ய வேண்டியிருக்கும் என்றார் அவர்.

ஐப்பசி பிறந்தது. மேகம் கடல் பக்கமிருந்து கூடிக்கூடி நின்று கலைந்தது. ஒருநாள் சாயங்காலம் தூறல் விழ, காயப்போட்ட மிளகாயை அள்ள மாடிக்கு ஓடினார் பச்சையம்மா. அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவருக்கு ஏதோ குறைவதுபோலப் பட்டது. கைப்பிடிச் சுவர் ஓரம் முழுக்கக் காலியாக இருந்தது.

ஐப்பசியில் அந்த ஓரம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. மழை பிடிப்பதற்கு முன்பே எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடும் மூடி போட்ட ஒரு டிரம்மைக் கொண்டுவந்து பச்சையம்மா மாடியில் வைத்துவிடும். பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், ஒரு மாற்றுத் துணி, கொஞ்சம் அரிசி, தீப்பெட்டி. தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருப்பது குழலியின் இடம். படி ஏறியதும் இடப்பக்கம் எங்கள் வீட்டு இடம். தையல்கடை தப்ரேஸ் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார். தை பிறந்ததும் எல்லாம் இறங்கிவிடும். இதற்கு யாரும் பச்சையம்மாவிடம் அனுமதி கேட்டதில்லை. அவரும் யாரையும் வா என்றதில்லை, வராதே என்றதும் இல்லை. வருடத்தில் சில மாதம் மாடியில் டிரம்கள் இருக்கும், சில மாதம் மிளகாய் இருக்கும். அவருக்கு அது அவ்வளவுதான்.

தெருவே குழலியோடு சேர்ந்துகொண்டு தன்னை ஒதுக்கிவிட்டது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. மிளகாய்ச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு நேரே தப்ரேஸ் கடைக்குப் போனார்.

"இன்னா பாய், மெஷின் தலைய எட்த்துகினு வர்லியா? நானும் உங்களுக்குப் பகையாளி ஆய்ட்டனா?"

தப்ரேஸ் கையிலிருந்த ஊசியைப் பாதியில் நிறுத்தினார். "அய்யய்யோ, இன்னாக்கா இப்படிக் கேக்குற? மணலில மச்சான் வூட்ல வெச்சிட்டேன். இந்த மாசம் பூரா கைத்தையல்தான், பாரு."

"ஏன்? என் மாடிக்கு இன்னா கேடு?"

"மாடி ஏதுக்கா?" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "ரூமு ஆவுதே. படியும் உள்ள பூடுதாமே. சுண்ணாம்பு போட்ட அன்னிக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. உன் வூடு, நீ கட்டிக்கிற. அதுல நாங்க இன்னா பேசறது?"

பச்சையம்மா கடை வாசலில் நின்றார். தூறல் வலுத்தது. தப்ரேஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. "எந்த மாடில?" என்று குழலி கேட்டது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

அங்கிருந்து குழலி வீட்டுக்குத்தான் போனார். நனைந்த புடவையோடு படிகளில் கீழே இறங்கி, கேட்காமலே உள்ளே போய், முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த குழலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வல்லரசுவின் நாற்காலி உள்ளே இழுக்கப்பட்டிருந்தது.

"ஏண்டி, வாயத் தொறந்து சொல்லக்கூடாது?"

குழலி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னானு சொல்ல? உன் மாடிய எனுக்கு வுடுன்னா?"

"மண்ணுன்ன, வெயிலுன்ன, செவுருன்ன..."

"அதெல்லாம் கேக்கலாம். இத்த எப்படிக் கேக்கறது? பேரன் பேத்தி எடுத்தவ ரூமு கட்றா. மய வந்தா நாங்க ஏறி குந்தணும், நீ கட்டாதன்னு சொல்ல எனுக்கு இன்னா உரிம கீது? நீ என்னிக்காவது வாங்கன்னு சொன்னியா? நாங்களாதான ஏறனோம். நீ தொரத்தல. அவ்ளோதான்." ஒரு தண்டை ஒடித்துப் போட்டார். "சொல்றதுக்கும் வாய் வரல. கையெயுத்து போடறதுக்கும் கை வரல. தண்ணி வந்தா மத்தவங்க ஸ்கூலுக்கு ஓடிடுவாங்க. இவர இஸ்துகினு நான் எங்க ஓடுவேன்?"

"நான் மெதப்பேன்க்கா" என்றார் வல்லரசு. "எம்மாந் தண்ணி வந்தாலும் மெதப்பேன். கால்தான் வராது, ஒடம்புல கொயுப்புக்குப் பஞ்சமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சுவரில் அவர் தலைக்கு மேலே அந்தக் கறுப்புக் கோடு போய்க்கொண்டிருந்தது. பச்சையம்மா வீட்டில் இடுப்புக்கு வந்த தண்ணீர், தாழ்ந்துபோன இந்த வீட்டில் நெஞ்சுவரை வந்திருந்தது. எத்தனையோ முறை இந்த வீட்டுக்கு இட்லி கொண்டுவந்து வைத்திருக்கிறார். அப்போதெல்லாம் வாசலோடு திரும்பிவிடுவார். உள்ளே உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பச்சையம்மா ஒரு கட்டுக் கீரையைத் தன் பக்கம் இழுத்து ஆயத் தொடங்கினார். கட்டு முழுவதும் ஆய்ந்து முடித்தார். எழுந்திருக்கும்போது, "கொயந்தயும் வரணும், நீங்களும் ஏறணும். நான் அவகிட்டப் பேசிட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி டிரம்ம ஏத்து" என்றார்.

"முட்டுக்கட்ட போட்டுட்டேன்னு உன் மருமவ என்னியத் திட்டுவா."

"திட்னா வாங்கிக்கோ. நீ இன்னா கொறஞ்சா பூடுவ?"

மறுநாள் பச்சையம்மா வரிசைக்கு இட்லி கொண்டுபோகவில்லை. திருவொற்றியூருக்கு பஸ் ஏறினார். ஜெயஸ்ரீ குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். பச்சையம்மா குழந்தையைக் கேட்கவில்லை, அவளே மடியில் வைத்தாள். வரும் வழியெல்லாம் பச்சையம்மா மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. நேராகவே கேட்டுவிட்டார்.

"ஜெயா, உன்கிட்ட ஒன்னு கேக்கணும். மாடில பாதிதான் கட்ட முடியும். மீதி தெருவுக்கு வோணும்."

ஜெயஸ்ரீ தலைதுவட்டிய துண்டை மடித்தாள். "கிச்சன்?"

"இல்ல. கீயதான்."

"ரெண்டாவது ரூம்?"

"அதுவும் இல்ல. ஒரு ரூமு, ஒரு பாத்ரூமு. படி வெளியவே இருக்கும்."

"அப்ப வெள்ளம் வந்தா மறுபடியும் எல்லாரும் நம்ம கதவுக்கு முன்னாடிதான் உக்காந்திருப்பாங்க."

"ஆமா" என்றார் பச்சையம்மா. "உனுக்குப் புடிக்கலன்னா சொல்லு. கஷ்டமாதான் இருக்கும், ஆனா சொல்லு."

குழந்தை பச்சையம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. ஜெயஸ்ரீ அதன் விரல்களை விலக்கிக்கொண்டே, "பாத்ரூமுக்குக் கதவு எங்க வருது?" என்றாள்.

"ரூமுக்குள்ளதான்."

"மாடிப் பக்கமும் ஒரு கதவு வைக்கச் சொல்லுங்க. அன்னிக்கு அந்தத் தொட்டிக்குப் பின்னால நின்னது போதும். எனக்கும் போதும், அவங்களுக்கும் போதும்."

"ரெண்டு கதவு வெச்சா ரூமு இன்னும் சின்னதாவும்டி."

"ஆகட்டும். ரெண்டுக்கும் உள்பக்கம் நல்ல தாப்பா வேணும். அலுமினியத் தாப்பா வேணாம், அது ஒரு மாசத்துல லூசாயிடும்."

வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுகிறாளே, அதுவே போதும் என்று பச்சையம்மாவுக்கு இருந்தது.

மறுபடி மாடிக்கு வந்த பொன்ராஜ் புதிய கணக்கைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "பெருசாக்கிக் கொடுங்கன்னுதாம்மா எல்லாரும் எங்கிட்ட வருவாங்க. போட்ட வீட்டச் சின்னதாக்கச் சொல்லி வர்ற முத ஆளு நீங்கதான்."

"வரைஞ்சிகினே பேசு சார். மய வந்துடும்."

வெளியிலேயே புதிதாகக் கட்டப்போகும் படியின் அகலத்துக்கு வந்தபோது, எல்லோரும் வைக்கிற அளவையே அவர் வைத்தார். பச்சையம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலி ஏற வேண்டும் என்றார். என்ன நாற்காலி என்று அவருக்குப் புரியவில்லை. "இரு, காட்றேன்" என்று பச்சையம்மா கீழே குரல் கொடுத்தார்.

நிலவன் ஒரு பக்கம், தப்ரேஸ் ஒரு பக்கம், முன்னால் குழலி, பின்னால், சட்டை அழுக்காவதைப் பார்த்துக்கொண்டே, பொன்ராஜ். வெயிலில் வல்லரசுவின் நாற்காலி படியில் ஏறியது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"சாமி பொறப்பாடு! தேங்கா ஒடைங்கடா! கற்பூரம் எங்க?" என்று வல்லரசு மேலிருந்து கையைத் தூக்கினார்.

"கைய உள்ள வெய்யி. சாஞ்ச, நேரா கடலுக்குப் பூடுவ" என்றார் குழலி.

படி திரும்பும் இடத்தில் நாற்காலிக் கால் கைப்பிடிச் சுவரில் மாட்டிக்கொண்டது. வெள்ளத்தின்போதெல்லாம் அந்த இடத்தில் நாற்காலியைச் சுவருக்கு மேலே தெருப்பக்கமாகத் தூக்கித் திருப்புவார்கள். அதை இப்போது வெளிச்சத்தில் பார்த்த பொன்ராஜுக்கு வியர்த்துவிட்டது. மேலே போய் இறக்கியதும் டேப்பை எடுத்துவந்து அந்தத் திருப்பத்தை அளந்தார். நாற்காலியையும் அளந்தார். பிறகு மாடித் தரையில் உட்கார்ந்து, பழைய சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்துவிட்டு, படிக்கு இடம் விட்டு அறையின் கோட்டை இன்னும் ஓரடி பின்னால் தள்ளிப் போட்டார். பச்சையம்மாவின் அடுப்படி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. அவர் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்றார் பொன்ராஜ், எல்லோரையும் பார்த்து. பாதி கிண்டல்தான். சம்மதத் தாளை எடுத்துக் குழலியிடம் நீட்டினார்.

குழலி பொதுச் சுவரின் மேலேயே தாளை வைத்தார். ஒரு பக்கம் தன் வீட்டு ஷீட்டு, மறுபக்கம் மாடித் தரை. காற்றில் தாள் பறக்காமல் பச்சையம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். குழலி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் சரி. ஆனா தண்ணி டிரம்முல மண்ணு வுயக்கூடாது."

"அதான் மூடி வாங்கிக் குட்த்தேனடி!"

"அது ஒடஞ்சி போச்சி."

"எப்போ?"

"நாம சண்ட போட்டோமே, அன்னிக்கு."

பச்சையம்மா படியிறங்கினார். கொஞ்ச நேரத்தில் தெருவில் அவர் குரல் கேட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இட்லியைக்கூட அப்படி விற்காதவர், கூவிக்கொண்டே போனார்: "டிரம்ம ஏத்துங்கம்மா! கட்டுமானம் தை மாசத்துலதான். அதுவரிக்கும் எடம் பூரா காலி. அப்பாலயும் பாதி கீது. வாங்க!"

நாங்கள் டிரம்மோடு படி ஏறியபோது, நிலவன் கைபேசியில் ஜெயஸ்ரீக்குப் புதுச் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கதவும் எங்கே வருகிறது என்று அவள் கேட்பது எங்களுக்கும் கேட்டது. தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நாற்காலியில் வல்லரசு தனியாக இருந்தார். அவரைக் கீழே இறக்க எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

"யக்கா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். "என்னிய எறக்கி வுட்டுட்டுக் கூவு!"

"அங்கியே குந்து!" என்று கீழேயிருந்து பதில் வந்தது. "யாரு எந்த எடத்துல வெக்கிறாங்கன்னு பாத்துக்க!"